மூளையைக் காக்கக் குளிர் மட்டும் போதுமா?

கடந்த கோடையில் ஓர் இரவு, பதினொரு மணிக்கு மேல், என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஆம்பூர் அருகே ஒரு டேனரியில் டிரம் ஓட்டும் அவருடைய தந்தை, வேலை முடிந்து தேநீர்க் கடையில் நின்றுகொண்டிருந்தபோது சரிந்து விழுந்திருக்கிறார். சுற்றி நின்றவர்கள் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். சோடா வாங்கி வந்தார்கள். வலிப்பு என்று நினைத்த ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். பிறகு ஷேர் ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்திலிருந்த சிறிய மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அங்கே மார்பை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து, நின்ற இதயத்தை மீண்டும் துடிக்கச் செய்துவிட்டார்கள். ஆனால், நினைவு திரும்பவில்லை. நெடுஞ்சாலையை ஒட்டிய வேறொரு பெரிய தனியார் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்.

அங்கிருந்துதான் மாணவர் பேசினார். உடலைக் குளிர்வித்து மூளையைக் காக்கும் சிகிச்சை ஒன்று இருப்பதாகவும், அதற்கான கருவிக்கும் பொருள்களுக்கும் தனியாக முன்பணம் கட்ட வேண்டும் என்றும், ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்றும் கூறியிருக்கிறார்கள். "சார், அம்மா நகையை வெச்சுக் கட்டிடலாம். கட்டினா அப்பா பழையபடி ஆயிடுவாரா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். பணியில் இருந்த மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்கச் சொன்னேன்: "இந்தப் பணத்தைக் கட்டாவிட்டால் என்ன செய்வீர்கள்?" அந்த இளம் மருத்துவர் நேர்மையானவர். "காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்வோம், மற்ற எல்லாமும் இப்படியேதான் நடக்கும்" என்றாராம். குடும்பம் பணம் கட்டவில்லை. ஆறாம் நாள் அவர் இறந்தார்.

அதன்பின் சில மாதங்கள் இந்தப் பொருள் குறித்துக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன். நான் மருத்துவன் அல்லன், பொருளியல் கற்பித்தவன். இதில் எனக்கென்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். கென்னத் ஏரோ என்ற பொருளியல் அறிஞர் 1963-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று உண்டு. மருத்துவம் மற்றச் சந்தைகளைப் போன்றதல்ல என்பது அதன் மையக் கருத்து. அரிசி வாங்குபவருக்கு அரிசியைத் தெரியும். சிகிச்சை வாங்குபவருக்குச் சிகிச்சையைத் தெரியாது. எது தேவை என்று சொல்பவரே அதை விற்பவராகவும் இருக்கிறார். அப்படிப்பட்ட இடத்தில், நள்ளிரவில், ஒரு மணி நேரக் கெடுவில், நகையை அடகு வைத்து எடுக்கப்படும் முடிவு நிச்சயம் பொருளியலுக்கும் உரியதுதான்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தை நீக்கிவிடலாம். மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. மாரடைப்பில் இதயத் தசைக்குச் செல்லும் ரத்தக் குழாய் அடைபடுகிறது. நோயாளி பெரும்பாலும் பேசிக்கொண்டிருப்பார். இதயம் நின்றுபோகும்போது உடலெங்கும் ரத்த ஓட்டம் நிற்கிறது. சில நொடிகளில் நினைவு போகிறது. முன்னது பின்னதற்குக் காரணமாகலாம் என்பதால்தான் நாம் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துவிடுகிறோம்.

உடல் எடையில் 2 சதவீதம் அளவே உள்ள மூளை, நாம் உள்ளிழுக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. சேமிப்பு என்று எதையும் அது வைத்துக்கொள்வதில்லை. ரத்த ஓட்டம் நின்ற நான்கைந்து நிமிடங்களில் அதன் செல்கள் சேதமடையத் தொடங்குகின்றன. இதயம் மீண்டும் துடித்தால் ஆபத்து முடிந்துவிட்டது என்றும் பொருளல்ல. ரத்தம் திரும்பப் பாயும்போது புதிய வேதிமாற்றங்கள் தொடங்குகின்றன, மூளை வீங்குகிறது, அடுத்த சில மணி முதல் சில நாள் வரை சேதம் தொடர்கிறது. இந்த இரண்டாம் சேதத்தைத் தடுக்கத்தான் குளிர். உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் மூளையின் ஆக்சிஜன் தேவை 6 முதல் 7 சதவீதம் குறைகிறது. வரவு குறைந்தபோது செலவைக் குறைப்பது போன்ற இந்தத் தர்க்கம் எவரையும் எளிதில் ஈர்த்துவிடும்.

இதற்கு வியப்பூட்டும் சான்றும் உண்டு. 1999-ஆம் ஆண்டு மே மாதம் நார்வேயில் ஆன்னா போகன்ஹோம் என்ற இளம் மருத்துவர் பனிச்சறுக்கின்போது உறைந்த ஓடைக்குள் விழுந்து, பனிப்பாளத்தின் கீழ் 80 நிமிடங்கள் சிக்கியிருந்தார். மீட்கப்பட்டபோது இதயம் நின்றிருந்தது. உடல் வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கியது. ஆயினும் பிழைத்தார், மருத்துவத் துறைக்கே திரும்பினார். ஆனால், இந்த நிகழ்வில் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. அவர் உடல் முதலில் குளிர்ந்தது, இதயம் பிறகு நின்றது. நம் ஊர்த் தேநீர்க் கடையில் விழுபவருக்கு வரிசை தலைகீழ்: 40 டிகிரி வெயிலில் முதலில் இதயம் நிற்கிறது, குளிர் வந்தால், சில மணி நேரம் கழித்து வருகிறது.

2002-ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுகள் ஒரே மருத்துவ இதழில் வெளிவந்தன. ஒன்று ஐரோப்பாவில் 275 நோயாளிகளிடம் நடந்தது. 32 முதல் 34 டிகிரி வரை 24 மணி நேரம் குளிர்விக்கப்பட்டவர்களில் 55 சதவீதத்தினர் நல்ல நிலையில் மீண்டார்கள். குளிர்விக்கப்படாதவர்களில் 39 சதவீதத்தினர். மற்றொன்று ஆஸ்திரேலியாவில் 77 பேரிடம் நடந்த சிறிய ஆய்வு. அதிலும் 49-க்கு 26 என்று குளிர் வென்றது. இதயம் நின்று மீண்டவர்களுக்கு அதுவரை மூளையைக் காக்க எந்தச் சிகிச்சையும் பலனளித்ததில்லை. எனவே, உலகமெங்கும் வழிகாட்டு நெறிகளில் குளிர்விப்பு இடம்பிடித்தது. அதற்கான கருவிகளை விற்கும் தொழிலும் வளர்ந்தது.

பின்னர் நடந்ததுதான் நம் நாளிதழ்களில் அதிகம் பேசப்படாதது. 2013-இல் 939 நோயாளிகளிடம் 33 டிகிரியும் 36 டிகிரியும் ஒப்பிடப்பட்டன, வேறுபாடு இல்லை. 2021-இல் அதே ஆய்வுக்குழு ஏறக்குறைய 1,900 பேரைக் கொண்டு இன்னும் நேரடியான கேள்வியைக் கேட்டது: 33 டிகிரிக்குக் குளிர்விப்பது மேலா, காய்ச்சல் மட்டும் வராமல் பார்த்துக்கொள்வது மேலா? ஆறு மாத முடிவில் குளிர்விக்கப்பட்டவர்களில் 50 சதவீதத்தினரும், மற்றவர்களில் 48 சதவீதத்தினரும் இறந்திருந்தனர். புள்ளியியல் கண்ணில் இவ்விரண்டும் ஒன்றே. ரத்த ஓட்டத்தைப் பாதிக்கும் அளவுக்கான இதயத் துடிப்புக் கோளாறு மட்டும் குளிர்விக்கப்பட்டவர்களிடம் அதிகம்: 24 சதவீதம், எதிர்த்தரப்பில் 17 சதவீதம். 2022-இல் ஐரோப்பிய மருத்துவ அமைப்புகள் தம் நெறியை மாற்றிக்கொண்டன. உடல் வெப்பம் 37.7 டிகிரியைத் தாண்டாமல் குறைந்தது 72 மணி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதே அப்போது அவை தந்த அறிவுரை.

அப்படியானால் 2002-இன் முடிவுகள் பொய்யா? அல்ல. அன்று ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்ட நோயாளிகளில் பலருக்கு உடல் வெப்பம் இயல்பைவிட ஏறியிருந்தது. குளிருக்குக் கிடைத்த பெருமையில் ஒரு பகுதி, காய்ச்சல் செய்த கெடுதலின் நிழலாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஒப்பீட்டுக்கு எதை அடிப்படையாகக் கொள்கிறோம் என்பதே விடையை மாற்றிவிடும். பொருளியல் மாணவர்களுக்கு முதலாண்டிலேயே சொல்லித் தருகிற பாடம் இது; தேர்வு முடிந்ததும் அவர்களும் மறந்துவிடுகிறார்கள்.

இந்தக் கதையில் வேலூருக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. அது பெரியவர்களைப் பற்றியது அல்ல, பிறந்த குழந்தைகளைப் பற்றியது.

பிரசவத்தின்போது ஆக்சிஜன் கிடைக்காமல் மூளை பாதிக்கப்படும் குழந்தைகளை 33.5 டிகிரியில் 72 மணி நேரம் வைத்திருந்தால் இறப்பும் ஊனமும் குறைகின்றன என்று பணக்கார நாடுகளின் ஆய்வுகள் உறுதியாகக் காட்டியிருந்தன. 11 ஆய்வுகள், 1,505 குழந்தைகள். ஏழு குழந்தைகளுக்குச் சிகிச்சையளித்தால் ஒரு குழந்தை இறப்பிலிருந்தோ கடும் ஊனத்திலிருந்தோ தப்புகிறது என்பது 2013-இல் வெளிவந்த தொகுப்பாய்வின் கணக்கு. மருத்துவத்தில் இது மிகப் பெரிய பயன். சிக்கல் விலையில் இருந்தது. இறக்குமதிக் கருவியை வாங்க நம் மருத்துவமனைகள் பெரும்பாலானவற்றால் முடியாது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பச்சிளங்குழந்தை மருத்துவப் பிரிவு இதற்கு எளிய வழி தேடியது. முதலில் துணி சுற்றிய குளிர்ஜெல் பைகளைப் பயன்படுத்தினார்கள். பிறகு நிலைமாறும் பொருள் என்ற ஒன்றைக் கொண்டு படுக்கை செய்யும் யோசனை வந்தது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்திருப்பதையும், வெயில் ஏறியதும் இளகுவதையும் நாம் பார்த்திருக்கிறோம். இளகும்போது அது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது; முழுவதும் இளகி முடியும்வரை அதன் வெப்பநிலை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. அதே தத்துவத்தில், வேண்டிய வெப்பநிலையில் இளகும் பொருளை நிரப்பிய மெத்தையில் குழந்தையைக் கிடத்தினால், மின்சாரமில்லாமலேயே அதன் உடல் சீராகக் குளிர்கிறது. பிளஸ் என்ற இந்திய நிறுவனத்துடன் இணைந்து உருவான அந்தக் கருவி மிராகிரேடில் என்ற பெயரில் சந்தைக்கு வந்து, நாட்டின் பல மருத்துவமனைகளுக்குச் சென்றது. அதே கல்லூரியில் 50 குழந்தைகளிடம் நார்வே நாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வில், குளிர்விக்கப்பட்ட குழந்தைகளின் மூளைப் படங்களில் சேதம் குறைவாகத் தெரிந்தது. இந்தச் செய்தியைப் படித்தபோது இந்த மண்ணைச் சேர்ந்தவன் என்ற முறையில் எனக்குப் பெருமையாகவே இருந்தது.

அடுத்த ஆண்டு வந்தது ஹெலிக்ஸ் ஆய்வு. இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளில் ஏழு உயர்நிலைப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில், சென்னை அரசு மருத்துவமனைகள் உள்பட, 408 குழந்தைகளிடம் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் தலைமையில் நடந்தது. பயன்படுத்தப்பட்டது தானியங்கிக் கருவி; வென்டிலேட்டர் வசதியும் இருந்தது. எல்லாம் சரியாக இருந்தும் குளிர் பயன்தரவில்லை. இறப்பு அல்லது ஊனம் என்ற கூட்டுக் கணக்கில் 50-க்கு 47, வேறுபாடு இல்லை. இறப்பை மட்டும் எடுத்தால், குளிர்விக்கப்பட்ட குழந்தைகளில் 42 சதவீதம், குளிர்விக்கப்படாதவர்களில் 31 சதவீதம். அதாவது, லண்டனில் உயிர் காக்கும் சிகிச்சை, சென்னையிலும் கொழும்பை அடுத்த ராகமையிலும் டாக்காவிலும் உயிரிழப்பைக் கூட்டியது. இந்நாடுகளில் இதை வழங்க வேண்டாம் என்றே ஆய்வாளர்கள் முடித்தார்கள். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் எல்லோரும் இதை ஏற்கவில்லை. எந்தக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள், எப்போது குளிர்விக்கத் தொடங்கினார்கள் என்பன குறித்த விவாதம் இன்னும் ஓயவில்லை. வேலூரின் சிறிய ஆய்வும் ஹெலிக்ஸும் முரண்படுகின்றன என்றும் சொல்லிவிட முடியாது. ஒன்று மூளைப் படத்தை அளந்தது, மற்றொன்று உயிரை எண்ணியது.

ஏன் இப்படி? ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம் சிந்திக்க வைப்பது. மேலை நாடுகளில் ஆய்வுக்கு வந்த குழந்தைகளின் மூளை பெரும்பாலும் பிரசவ நேரத்தில் திடீரென ஏற்பட்ட தடையால் பாதிக்கப்படுகிறது. நம் குழந்தைகளின் மூளைப் படங்களோ, நீண்ட நேரமாக, விட்டுவிட்டு ஆக்சிஜன் குறைந்ததைக் காட்டின. பல மணி நேரம் இழுத்த பிரசவம், தாயின் ஊட்டக்குறைவு, ஓர் இடத்தில் பிறந்து வேறிடத்துக்குக் கொண்டுவரப்படும் பயணம் என்று எல்லாம் அதில் அடங்கும். சேதம் நிகழ்ந்து முடிந்தபின் குளிர் வந்து சேர்கிறது. ஒரே உரம் காவிரிப் படுகையில் மகசூலைக் கூட்டும், வறண்ட நிலத்தில் பயிரைக் கருக்கும். உரத்தில் குற்றமில்லை, உடன் இருக்க வேண்டிய நீர் இல்லை. இதை நாங்கள் உற்பத்திச் சார்பு என்று கரும்பலகையில் எழுதிக்காட்டுவோம்.

இங்கே வேறொரு நினைவும் எழுகிறது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. பாலாற்றைப் பாழாக்கிய தோல் தொழிற்சாலைகளுக்கு எதிரான அந்தத் தீர்ப்பில்தான், முன்னெச்சரிக்கைக் கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அறிவித்தது. தீங்கில்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு, செயலைச் செய்ய வருபவரையே சாரும் என்றது. நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் இன்று அது பாடம். ஆற்றுக்குப் பொருந்தும் இக்கொள்கை உடலுக்கும் பொருந்த வேண்டும். இவ்வளவு செலவில் இந்தக் கருவியைப் பொருத்துகிறோம் என்பவர், நம்மைப் போன்ற நோயாளிகளிடம், நம்மைப் போன்ற சூழலில், அது நன்மை செய்கிறது என்று காட்ட வேண்டும்.

தோல் பட்டறைப் பகுதியில் இதயம் நின்றுபோவதற்கு மாரடைப்பு அல்லாத ஒரு காரணமும் உண்டு. அதை இங்கு வாழும் எவரும் அறிவர்: தொட்டி. தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். பின்னர் வரும் படிகளில் அமிலம் பயன்படுகிறது. இரண்டின் கழிவுநீரும் தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழுகிறது. காற்றைவிடக் கனமான அது குழியின் அடியில் தேங்கி நிற்கும். அழுகிய முட்டை நாற்றம் எச்சரிக்கும் என்று நம்பி இறங்குகிறார்கள். ஆனால், அளவு கூடினால் அந்த வாயு மூக்கின் நுகர்திறனையே முடக்கிவிடும். நாற்றம் நின்றது ஆபத்து நீங்கியதன் அடையாளமல்ல. முதலில் இறங்கியவர் விழ, அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும் இப்படியொரு நிகழ்வை நினைவுகூரும் ஒருவர் இருப்பார்.

இந்த வாயுவுக்கும் குளிர்விப்புக்கும் வினோதமான தொடர்பு ஒன்று உண்டு. 2005-இல் அமெரிக்க அறிவியலாளர் மார்க் ராத் குழுவினர், மிகச் சிறிய அளவில் ஹைட்ரஜன் சல்பைடு கலந்த காற்றை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் உடலியக்கம் மந்தமாகி, உடல் வெப்பம் தாழ்ந்து, உறக்கநிலை போன்ற ஒன்றுக்குச் சென்றதைக் கண்டார்கள். பின்னர் அவை கேடின்றி எழுந்தன. மனிதரையும் இப்படி உறங்கவைத்து மூளையைக் காக்கலாம் என்ற நம்பிக்கை எழுந்தது. ஆட்டிடமும் பன்றியிடமும் அது பலிக்கவில்லை. நம் தொழிலாளியைக் கொல்லும் வாயு, வேறொரு கண்டத்தின் ஆய்வுக்கூடத்தில் உயிர் காக்கும் மருந்தாகச் சில காலம் கனவு காணப்பட்டது.

குளிர்விப்பை நான் முற்றாகத் தள்ளிவிட்டதாக வாசகர் எண்ண வேண்டாம். வாயுவாலோ மூச்சுத் திணறலாலோ இதயம் நிற்கும்போது, மின்னதிர்ச்சிக்கு வசப்படாத வகைத் துடிப்புநிலையே பெரும்பாலும் காணப்படும். அத்தகைய 581 நோயாளிகளிடம் பிரான்ஸில் நடந்து 2019-இல் வெளியான ஹைப்பீரியன் ஆய்வில், குளிர்விக்கப்பட்டவர்களில் 10.2 சதவீதத்தினர் நல்ல மூளை நிலையில் மீண்டார்கள், மற்றவர்களில் 5.7 சதவீதத்தினர். இறப்பு விகிதத்தில் வேறுபாடு இல்லை. ஆக, எல்லோருக்கும் ஒரே விடை என்று எவரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆயினும் தொட்டியில் விழும் தொழிலாளிக்கு வாயு அளவுமானியும், வெளியேற்றும் விசிறியும், மேலே கயிறுடன் நிற்கும் ஓர் ஆளும் தருகிற பாதுகாப்பை எந்தக் குளிர்க்கருவியும் தராது. இந்த மூன்றின் செலவு ஒரு டேனரியின் கணக்கில் பொருட்படுத்தத்தக்கதே அல்ல. 2015 ஜனவரியின் கடைசி இரவில் ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் உறங்கிய 10 தொழிலாளர்கள் இறந்ததையும் இந்தப் பட்டியலிலிருந்து பிரித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

மீண்டும் தேநீர்க் கடைக்கு வருவோம். இதயம் நின்றபின் மார்பழுத்தமும் மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கிறது. ஆம்பூரிலிருந்து வேலூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். 108 ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்து வந்தாலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் வர முடியாது. அது அதன் குற்றமல்ல. அந்த ஐந்து நிமிடம் பக்கத்தில் நிற்பவருடையது. சிபிஆர் என்று மருத்துவர்கள் சொல்லும் மார்பழுத்தம் கற்க அரை நாள் போதும். மார்பின் நடுவில், இரு கைகளாலும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்துக்கு அழுத்த வேண்டும். கற்றவர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் சாவிக்கொத்துக்கு வேலை இருந்திருக்காது.

இந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் பெண்கள், ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும் காலணித் தொழிற்சாலைகள் உள்ளன. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் செவிலியர் உள்ளிட்ட முதலுதவி அறை இருக்க வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் 45-ஆம் பிரிவு 1948-லேயே சொல்லிவிட்டது. அந்த அறையில் தலைவலி மாத்திரையுடன் ஒரு மின்னதிர்ச்சிக் கருவியும் இருப்பது இன்றைய நிலையில் ஆடம்பரமல்ல. வெளிநாட்டுக் கொள்முதலாளர்கள் ஆண்டுதோறும் தணிக்கைக்கு வருகிறார்கள். தீயணைப்பானின் காலாவதித் தேதியை அவர்கள் பார்ப்பதைப் போல இதையும் கேட்டால் போதும், சட்டத்துக்கு முன்பாகவே காரியம் நடந்துவிடும். நம் முதலாளிகள் அரசுக்கு அஞ்சுவதைவிடக் கொள்முதலாளருக்கு அதிகம் அஞ்சுவார்கள் என்பது என் நீண்ட நாள் கவனிப்பு.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்பதும் நியாயமாகாது. மாரடைப்பு நோயாளிகளைச் சிறிய மருத்துவமனைகளிலிருந்து பெரியவற்றுக்கு முறையாக அனுப்பும் வலைப்பின்னல் முயற்சி ஒன்று 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் நடந்தது. 2,420 நோயாளிகளைப் பற்றிய அதன் முடிவுகள் 2017-இல் வெளியாயின; ஓராண்டு இறப்பு விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. புதிய மருந்து இல்லை, புதிய கருவி இல்லை. தகவலும் ஆம்புலன்ஸும் ஒழுங்கும்தான். 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்பின் முதல் மாத்திரைகளான ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் ஆகியவை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தரப்படுகின்றன. ஒரு ரூபாய்க்கு எவ்வளவு உயிர் என்று கணக்கிட்டால் இவற்றின் அருகில் வேறெதுவும் நிற்காது.

குறை எங்கே என்றால், இதயம் மீண்டும் துடித்தபின் வரும் மூன்று நாள்களில். 2022-இன் அந்த நெறிப்படி வேண்டியது என்ன? 72 மணி நேரம் காய்ச்சலைத் தடுப்பது. மணிக்கொருமுறை வெப்பத்தை அளப்பது. பாராசிட்டமால், ஈரத்துணி, பனிக்கட்டிப் பை, இவற்றுக்கும் அடங்காவிட்டால் மட்டும் கருவி. ஆம்புலன்ஸிலேயே குளிர்ந்த உப்புநீரை ஏற்றினால் என்ன என்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1,359 பேரிடம் சோதித்துப் பார்த்துவிட்டார்கள், பயனில்லை. எனவே, மையமான செலவு கருவி அல்ல, செவிலியர். மே மாத வேலூரில், மின்விசிறி மட்டும் சுழலும் வார்டில், ஒரு செவிலியர் முப்பது பேரைப் பார்க்கும் இடத்தில் 37.7 டிகிரியைக் காப்பது எளிதென்று எவரும் எண்ண வேண்டாம். பணக்கார நாட்டு ஆய்வில் 'சும்மா காய்ச்சலைத் தடுத்த' தரப்பிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கருவி தேவைப்பட்டது.

இரண்டாவது, காத்திருப்பு. மூளை மீளுமா, மீளாதா என்பதைக் குறைந்தது 72 மணி நேரம் கழித்தே, பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தே மதிப்பிட வேண்டும் என்பது உலகளாவிய நெறி. நம் ஊரில் அந்தக் கெடுவை நிர்ணயிப்பது மருத்துவர் அல்ல, பணம். இரண்டாம் நாள் இரவு கையில் இருப்பது தீர்ந்ததும், "வீட்டுக்கே கொண்டு போறோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு அழைத்துச் செல்லும் குடும்பங்களை இங்குள்ள ஒவ்வொரு தீவிர சிகிச்சைப் பிரிவும் பார்த்திருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் நான்காம் நாள் கண் திறந்திருப்பார்கள் என்பதற்குக் கணக்கு இருக்க முடியாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறும் தொழிலாளிக்கு இஎஸ்ஐ உண்டு. ஆனால், ஒப்பந்தத்திலும் துண்டுக்கூலியிலும் இருப்பவர் பெயர் இஎஸ்ஐ பட்டியலில் ஏறுவதில்லை. காப்பீட்டு அட்டையோ பல வீடுகளில் அவசரத்தின்போதுதான் தேடப்படுகிறது. என் மாணவரின் தந்தை பெயர் இரண்டிலும் இல்லை. இதயம் நின்று மீண்டவருக்கு முதல் 72 மணி நேரத் தீவிர சிகிச்சையை, அட்டை கேட்காமல், அரசே ஏற்கலாம். சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கும் இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 முதல் நடைமுறையில் உள்ளது. நெடுஞ்சாலையில் வண்டி மோதி விழுந்தவருக்குக் கிடைப்பது, அதே நெடுஞ்சாலையோரத் தேநீர்க் கடையில் இதயம் நின்று விழுந்தவருக்கு ஏன் கூடாது என்பதற்கு எனக்குப் பொருளியல் காரணம் எதுவும் தென்படவில்லை.

மாணவர் சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். உட்கார்ந்து வெகுநேரம் வேறு எதையெல்லாமோ பேசிவிட்டு, எழுந்து போகும்போது கேட்டார்: "சார், அன்னிக்கு அந்தப் பணத்தைக் கட்டியிருந்தா...?" மேலே எழுதியுள்ள எண்களைச் சுருக்கமாகச் சொன்னேன். 1,900 பேரில் 50-க்கு 48 என்பதைக் காகிதத்திலேயே எழுதிக் காட்டினேன். ஒரு தனி மனிதரின் முடிவை இந்த எண்கள் சொல்லாது என்பதையும், ஆனால் அவர் எடுத்த முடிவு தவறென்று சொல்ல எவரிடமும் சான்று இல்லை என்பதையும் சொன்னேன். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், அம்மாவிடம் காட்ட வேண்டும் என்றார். தேநீர்க் கடையில் கழிந்த நிமிடங்களைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை.